அருகில் வரவர மெலியும் மக்களாட்சி

கீழ்ப்பழனி மலையடிவாரத்தில், மருதாநதி அணைக்குப் பக்கத்தில் உள்ள அய்யம்பாளையத்தை மூன்று அரசுகள் ஆள்கின்றன. ஒன்று டெல்லியில் இருக்கிறது, ஒன்று சென்னையில். மூன்றாவது, ஊருக்குள்ளேயே அலுவலகம் வைத்திருக்கும் பேரூராட்சி. மூன்றுக்கும் மக்களே வாக்களிக்கிறார்கள். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சாக்கடை என அன்றாடம் கண்ணில் படுபவை எல்லாம் மூன்றாவதன் பொறுப்பு. ஆனால் உரிய காலத்தில் தேர்தல் நடப்பதிலும், மக்கள் கேள்வி கேட்க இடம் கொடுப்பதிலும் மிகவும் நலிந்து கிடப்பது அந்த மூன்றாவதுதான். இந்திய மக்களாட்சியின் பெரிய குறை இது.

மேலே உள்ள இரண்டு அரசுகளின் பலத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆட்சியைத் தண்டிக்கும் அதிகாரம் வாக்காளர் கையில் உண்மையாகவே இருக்கிறது. அதற்கு இந்த ஊர் அடங்கிய திண்டுக்கல் தொகுதியே சான்று. 1972 அக்டோபரில் தொடங்கப்பட்ட அண்ணா தி.மு.க., அடுத்த ஆண்டு மே மாதம் இங்கு நடந்த மக்களவை இடைத்தேர்தலில் மாயத்தேவரை நிறுத்தி, இரட்டை இலைச் சின்னத்தில் வென்றது. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஆளுங்கட்சியை அதன் செல்வாக்கான காலத்திலேயே மக்கள் அசைத்துக் காட்டிய தேர்தல் அது.

ஆனால் ஆட்சியை மாற்ற முடிவது ஒன்று. தங்களுக்கான பிரதிநிதியைப் பெறுவது வேறொன்று. அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற முறையில், தோற்றவர்களுக்கு விழுந்த வாக்குகளுக்கு அவையில் குரலே இல்லாமல் போகிறது. 2014 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. தமிழகத்தில் சுமார் 44 விழுக்காடு வாக்குகளோடு 39 இடங்களில் 37-ஐப் பெற்றது. ஏறத்தாழ 24 விழுக்காடு வாக்கு பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. பத்தாண்டு கழித்து, 2024-இல், தி.மு.க. கூட்டணி ஏறத்தாழ 47 விழுக்காடு வாக்குகளோடு 39 இடங்களையும் அள்ளியது. பலனடையும் கட்சி மாறுகிறது, அநீதி அப்படியே நிற்கிறது.

வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதிலும் மக்களுக்குப் பங்கில்லை. 2024-இல் தி.மு.க., அ.தி.மு.க., பா.ஜ.க. மூன்றுமே திண்டுக்கல்லைக் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கின. தொகுதிப் பங்கீடு முடிந்தபோதே வாக்காளருக்கு முன்னால் இருக்கப்போகிறவர் யார் என்பதும் முடிவாகிவிட்டது. வென்றவரும் அவைக்குள் சுயமாக நடக்க முடியாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியைப் பறிக்க வழிசெய்கிறது. ஆள் வாங்கி விற்கும் சந்தையை அடக்கத்தான் அந்தச் சட்டம் வந்தது. கூடவே, தொகுதியின் குரலும் அடங்கிப்போனது.

மூன்றாவது அரசின் கதை இன்னும் மோசம். தமிழகத்தில் 1986-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தலுக்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆம் அரசியல் சாசனத் திருத்தங்கள், ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்றன. 20 ஆண்டுகள் அந்தக் கட்டளை மதிக்கப்பட்டது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பாகத் தொடங்கிய வழக்கு, வார்டு வரையறை, புதிய மாவட்டங்கள் என்று நீண்டது. பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலம், ஒரு முழுப் பதவிக்காலம், தனி அலுவலர்களிடம் போனது. அந்தத் தெருக்களில் கவுன்சிலர் என்று எவருமில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதற்காக மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியும் நிறுத்திவைக்கப்பட்டது. சட்டமன்றத்துக்கு இப்படி ஐந்தாண்டு தேர்தல் நடக்காமல் போயிருந்தால் நாடு கொந்தளித்திருக்கும். மேற்கே மலைக்கு அப்பால் உள்ள கேரளம், 2020 டிசம்பரில், கொரோனா காலத்திலும் உள்ளாட்சித் தேர்தலை நடத்தியது. ஆகவே, முடியாதது என்று இதைச் சொல்ல இடமில்லை.

மன்றத்தின் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதுகூட நிலையாக இல்லை. பேரூராட்சித் தலைவரை 1996-இலும் 2001-இலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மறுபடி மக்கள். 2016-இல் சட்டம் மறைமுகத் தேர்தலுக்கு மாறியது, 2018-இல் நேரடித் தேர்தலுக்குத் திரும்பியது, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மீண்டும் மறைமுகமானது. இரண்டு முறைக்கும் நியாயங்கள் உண்டு. நேரடித் தேர்தலில் தலைவருக்கு ஊரின் ஒப்புதல் கிடைக்கும். மறைமுகத் தேர்தலில் தலைவரும் மன்றமும் இழுபறி இல்லாமல் நடக்கலாம். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் விதியை மாற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அய்யம்பாளையத்துக்கே உரிய சிக்கல் இனிதான். தென்னந்தோப்புகளை நம்பி வாழும் இந்த ஊர் வாழ்க்கையில் கிராமம், சட்டத்தில் நகர்ப்புறம். மலைமேல் உள்ள தாண்டிக்குடி கிராம ஊராட்சி. அங்கே வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் கிராம சபையில் எழுந்து வரவு செலவைக் கேட்கலாம். அய்யம்பாளையத்துக்கும், அதே மலையில் உள்ள பண்ணைக்காடு பேரூராட்சிக்கும் கிராம சபை கிடையாது. சாசனம் கிராமங்களுக்குத்தான் அதைத் தந்தது. நகரங்களுக்கு வார்டு குழுவைச் சொன்னபோதும் மூன்று லட்சம் மக்கள்தொகைக்கு மேல் என்று கோடு போட்டுவிட்டது. தமிழக நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் கூட்டப்பட்ட பகுதி சபைகள் மாநில விதிகளில் பிறந்தவை. சாசனத்தின் காவல் அவற்றுக்கு இல்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நூறு நாள் வேலையும் ஊரகத்துக்கு மட்டுமே வகுக்கப்பட்டது. தோப்பில் தேங்காய் உரிக்கும் கூலித் தொழிலாளி, ஊரின் வகைப்பாடு ஒன்றினாலேயே அதற்கு வெளியே நின்றார். 2004-இல் பெரும்பாலான பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006-இல் மறுபடி பேரூராட்சிகள் ஆக்கப்பட்டன. இரண்டு முறையும் முடிவு சென்னையில் எடுக்கப்பட்டது.

கிராம சபை இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை. ஊரின் சாதி அடுக்கு அங்கும் வந்து உட்காரும். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதைப் பொறுக்காதவர்கள், 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் வேறு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டு காலம் தலைவர் பதவி செயல்பட முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் தேர்தல் முறையாக நடந்தது. பெரும்பான்மையின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் அந்த நாற்காலிகளில் தலித் ஒருவர் உட்கார்ந்திருக்கவே மாட்டார். ஒதுக்கீடு என்ற சட்டத்தின் பிடிவாதம்தான் அதைச் சாதித்தது. 2016-இல் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தியதும் அந்த வகையில் பெரிய அடி.

அதிகாரம் கைக்கு வந்தால் ஊர் என்ன செய்யும் என்பதற்கு நீலகிரி அடிவாரத்து ஓடந்துறை எடுத்துக்காட்டு. மேட்டுப்பாளையத்துக்கு அருகில் உள்ள அந்தக் கிராம ஊராட்சி, சண்முகம் தலைவராக இருந்தபோது, வங்கிக் கடனும் சொந்த நிதியும் சேர்த்து 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையை வாங்கி மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. ஆனால் அத்தகைய தலைவரையும் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்கீழ் பதவி நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. பேரூராட்சியிலும் நிர்வாகத்தை நடத்தும் செயல் அலுவலர் பதில் சொல்வது சென்னையில் உள்ள இயக்ககத்துக்கு. மக்கள் அமர்த்தியவரை அரசு அமர்த்தியவர் மேற்பார்வையிடும் இந்த ஏற்பாடு, உள்ளாட்சியை அரசுத் துறையின் கடைக்கோடிக் கிளையாகவே வைத்திருக்கிறது.

திண்டுக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக அமைப்புகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தாண்டிக்குடி போன்ற ஊராட்சிகளும் தனி அலுவலர்களிடம் போயின. அய்யம்பாளையம் போன்ற பேரூராட்சிகளில் 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் நிறைவடைகிறது. அந்த நாளுக்கு முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் கட்டளை.