மூலமும் ஓரக்குறிப்பும்

தொண்டர் பணி ஒன்றின் செய்திமடலைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். காவியமோ கதையோ அல்லாத ஒன்றில் ஆராய என்ன உண்டு என்று கேட்கவும் கூடும். ஆயினும், கூலி பெறாத ஆயிரம் கைகளை ஒரே வேலையில் பிணைத்து வைப்பது அத்தகைய மடலேயாகும்.

குட்டன்பர்க் திட்டத்தை நம் வாசகர் பலர் அறிவர். 1971 ஜூலை 4 அன்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைக் கணிப்பொறியில் தட்டெழுதி வைத்தார். பதிப்புரிமை தீர்ந்த நூல்களை எவரும் காசின்றிப் படிக்க வழி செய்த அம்முயற்சி 2003-இல் 10,000 நூல்களை எட்டியது. பல நாட்டுத் தொண்டர்கள் அச்சுப் பக்கத்தின் படத்தையும் கணிப்பொறி எழுத்து வடிவத்தையும் ஒப்பிட்டு, பக்கம் பக்கமாகப் பிழை நீக்கித் தருகின்றனர்.

இப்பணியின் வார மடலில் ஹார்ட் தம் கையால் தொகுத்த பகுதிகளைப் படிப்போர் இருவகைச் சரக்கைக் காண்பர். புதிய நூல்களின் கணக்கும் உதவி வேண்டுகோளும் ஒருபுறம். பெரும் ஊடகங்கள் தவிர்த்தன என அவர் கருதிய செய்திகளும், சொற்புரட்டுகளும், விந்தைப் புள்ளிவிவரங்களும் மறுபுறம்.

அரபு மதரஸாக்களில் ஓதியோர் பழைய அச்சு நூல்களின் அமைப்பை நன்கறிவர். நடுவே மத்ன் எனும் மூலம். சுற்றிலும் ஹாஷியா எனும் ஓரக்குறிப்பு. இரண்டுக்கும் இடையே ஒரு கோடு. குறிப்பாசிரியர் எத்துணைச் சினங்கொண்டு வாதிட்டாலும் அக்கோட்டைத் தாண்டார். ஹார்ட் தலைப்பிட்டுப் பிரித்தார் என்பது உண்மையே. எனினும் அனைத்தும் திட்டத்தின் பெயரைச் சுமந்தே வாசகரிடம் சென்றன. கோடு இருந்தும் பயனில்லை.

அவர் கருத்துக்கள் தவறு என்று கூற நான் வரவில்லை. வல்லரசின் ஆணவத்தை அவர் இடித்துரைக்கும்போது நம்மில் பலர் தலையசைப்போம். அங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். நமக்கு உவப்பான அரசியல் நம் கண்ணுக்கு அரசியலாகவே தோன்றாது. மாற்றுக் கருத்துடைய தொண்டரும் அதே மெய்ப்பைத்தான் திருத்துகிறார். தம் நேரத்தை நூலுக்கென்றே ஈந்தார். அது ஆசிரியர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை வேறொரு வழக்குக்குச் சாட்சியாக நிறுத்த அவருக்கு உரிமையில்லை.

அப்படியாயின் அரசியலின் நிழலே படலாகாதா? அதுவும் பிழை. 1998-இல் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டுகள் நீட்டியது. உரிமை நீங்காதிருந்த 1923-ஆம் ஆண்டு நூல்கள் அதனால் 2019 ஜனவரி 1 வரை பூட்டிக் கிடந்தன. தாமஸ் மன், ஹைன்ரிஹ் மன், ஆல்ஃபிரட் டோப்ளின் மூவரின் 18 நூல்கள் குறித்த வழக்கில் பிராங்பர்ட் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அடுத்து, 2018-இல் திட்டத்தார் ஜெர்மனிக்குத் தம் வாயிலை முழுவதுமாகவே அடைத்தனர். 2021-இல்தான் அது திறந்தது. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பிறந்தாலும் இவை நூலின் செய்திகளே. இவற்றை விழுங்கிவிடும் மடல் கடமை தவறியதாகும். உலகை 100 பேர் வாழும் சிற்றூராகச் சுருக்கிக் காட்டும் ஹார்ட்டின் கணக்கையும் நான் ஒதுக்கேன். எழுத்தறியாதோர் எத்தனை பேர் என்ற கேள்வி நூல் வழங்குவோருக்கு உரியதே.

அரசியலை நீக்கினால் மடல் வறண்ட பட்டியலாகும் என்பாரும் உளர். நான் ஒப்பேன். பழைய ஆங்கில அச்சின் நீண்ட ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலத் தோன்றி மெய்ப்பாளரை மயக்குவது ஒன்றே ஒரு பக்கத்துக்குச் சுவை தரும். கிழிந்த ஏட்டுக்கு மறுபடி தேடி அலைந்த கதை வேறு இருக்கிறது.

ஹார்ட் 2011 செப்டம்பர் 6 அன்று மறைந்தார். பழைய மடல்களின் நூற்பட்டியல் இன்றும் எடுத்தாளத் தக்கதாய் நிற்கிறது. அவற்றை நெருக்கி நின்ற அந்நாளைய தலைப்புச் செய்திகளுக்கோ, இப்போது எவரேனும் ஹாஷியா எழுதினால்தான் பொருள் விளங்கும்.