எந்தப் படத்துப் பாட்டு?

செஞ்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர் என் நண்பர். போன மாதம் ஒரு மாலை சிங்கவரம் மலையடியில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். கபேர் வாசுகி பாடியது. முடிகிற வரை பேசாமல் கேட்டார். பிறகு, “எந்தப் படம் சார் இது?” என்றார். படம் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “படத்துக்குப் போட்டு, வேணாம்னு விட்டுட்டாங்களா?” என்றார்.

முதல் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். இரண்டாவது கேள்விதான் இதை எழுத வைத்தது. சினிமாவுக்கு வெளியே இருக்கிற பாட்டு, சினிமா கழித்துப்போட்ட பாட்டாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் அல்ல. நம்முடைய சூழலின் அபிப்பிராயம். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வுக்கு முன்னால் வருகிற கிட்டாரை அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். அந்தக் கிட்டார் ஒரு பெரிய ஏற்பாட்டுக்குள் வைக்கப்பட்ட நகை. ஒரு பாட்டையே தனியாகத் தூக்கி நிறுத்தும் வேலையை அந்த வாத்தியத்துக்கு நாம் கொடுத்ததில்லை.

அந்த வேலையை மட்டுமே செய்யும் ஒரு வகை உலகத்தில் இருக்கிறது. இரண்டு கிட்டார், ஒரு டிரம், மூன்று நிமிஷம், சேர்ந்து பாட இரண்டு மூன்று குரல், கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் ஒரு பல்லவி. ‘பவர் பாப்’ என்பார்கள். ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967இல் தங்கள் பாட்டுக்குச் சொன்ன பெயர் அது. எளிமை என்று இதைச் சிலாகிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மண்டகப்பட்டுக் குகையில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் கட்டினேன் என்று மகேந்திரவர்மன் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். இல்லாதவற்றைப் பட்டியல் போட்டுப் பெருமைப்பட்ட ராஜா. அது அடக்கம் அல்ல, திமிர். நல்ல கிட்டார்ப் பாட்டிலும் அந்தத் திமிர் இருக்கிறது.

தமிழில் இது நடக்கவில்லையா என்றால், நடந்தது. நம் முற்றத்தில் அல்ல, இலங்கையில். 1960களின் கடைசியில் நித்தி கனகரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து இளைஞர் கிட்டாரோடு ‘சின்ன மாமியே’ பாடினார். படம் இல்லை, கதாநாயகன் இல்லை. அங்கே அதைப் பொப் என்றார்கள், துள்ளிசை என்றார்கள். அவர் செய்தது என்ன என்று நாம் இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஆங்கிலச் சொல்லில் ஏதாவது ஓரிடத்தில் அழுத்தம் விழும். டிரம் அடி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழ்ச் சொல்லில் அப்படிப்பட்ட அழுத்தம் கிடையாது, குறிலும் நெடிலும்தான். நாலுக்கு நாலு தாளத்தில் தமிழை ஏற்றினால் குறில் நீண்டு நெடில் குறுகி, யார் பேசுகிற தமிழ் இது என்று கேட்கும்படி ஆகிவிடுகிறது. நித்தி போர்த்துகீசியர் வழி வந்த பைலாவின் ஆறு-எட்டுத் தாளத்தைப் பிடித்தார். அது நம் தெம்மாங்குக்குத் தூரத்து உறவு. சொல் நசுங்காமல் போய் உட்கார்ந்தது. இதை நான் ஒரு யாப்புச் சாதனை என்றே சொல்வேன். வேடிக்கைப் பாட்டு என்று சிரித்துவிட்டுப் போனோம். பாடியவர் பெயர் தெரியாமலே பாட்டு மட்டும் கடலைத் தாண்டி வந்தது.

ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’க்கு நேர்ந்தது இன்னும் தெளிவானது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள் அது வந்து சேர்ந்தது. நம் ஆட்களுக்கு அன்றுமுதல் அது படப்பாட்டு. மனோகரனையே பிறகு திரையில் பார்த்துப் பழகினோம். 2018 ஜனவரியில் சென்னையில் அவர் இறந்தபோது வந்த செய்திகளில் நடிகரும் பாடகரும் என்று இருந்தது, அந்த வரிசையில்.

மதராஸ் பையன்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியின் 1970, 1971 ரெக்கார்டுகளில் இந்தியக் குழுக்கள் பல இருக்கின்றன. மதராஸின் ‘கன்ஃப்யூஷன்ஸ்’, ‘ஜெனுயின் ஸ்பேர்ஸ்’ அவற்றில் உண்டு. எல்லாம் ஆங்கிலம். பிற்பாடு அவற்றைத் தேடியெடுத்து மறுபதிப்புப் போட்டவர்கள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள்.

இந்த இடத்தில் மெம்ஃபிஸ் நகரத்து ‘பிக் ஸ்டார்’ குழுவைச் சொல்ல வேண்டும். 1972இல் முதல் ரெக்கார்டு. ‘நம்பர் ஒன் ரெக்கார்டு’ என்று தலைப்பு. விநியோகம் குளறுபடியாகிக் கடைகளுக்கே ஒழுங்காகப் போகவில்லை. (பத்திரிகைக் கட்டை முதுகில் சுமந்து கடைகடையாக ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) 1973 மே மாதம் ராக் இசை பற்றி எழுதுகிறவர்களை மெம்ஃபிஸில் கூட்டினார்கள், அங்கே இவர்கள் வாசித்தார்கள். கேட்டவர்கள் எழுதினார்கள். ரெக்கார்டு அப்போதும் விற்கவில்லை. 1974இல் பதிவான மூன்றாவது ரெக்கார்டு 1978இல்தான் வெளிவந்தது. அந்த வருஷம் டிசம்பரில், முதல் ரெக்கார்டின் மூளைகளில் ஒருவரான கிறிஸ் பெல், 27 வயதில், கார் விபத்தில் இறந்தார். எழுதப்பட்டது மட்டும் நின்றது. 1980களில் கிட்டார் எடுத்த ஒரு தலைமுறை அதைப் படித்துவிட்டுத் தேடிப்போய்க் கேட்டது.

நித்திக்கு அப்படி எழுத நாம் இல்லை. ஒரு கவிதை வரிக்காக வருஷக்கணக்கில் முகம் பார்க்காதவர்கள் நம் வட்டத்தில் உண்டு. ஒரு பாட்டுக்காகச் சண்டை போட்டவர்களை நான் பார்த்ததில்லை. ‘நல்லா இருக்கு, கேளுங்க’ என்று நண்பருக்கு அனுப்புவது சிபாரிசு ஆகாது. ஏன் என்று சொல்லி, தவறாகவும் இருக்கத் துணிய வேண்டும்.

ஆகவே துணிகிறேன். சென்னையின் ‘ஷேக்கி ரேஸ்’: குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்கிற விதத்தில் பீட்டில்ஸ் பாடம் முழுசாகத் தெரிகிறது, சில இடங்களில் பாடம் மட்டும்தான் தெரிகிறது. சந்தோஷமான பையன்கள், கேளுங்கள். 2012இல் தொடங்கிய ‘எஃப்16ஸ்’ அதைவிடக் கெட்டிக்காரர்கள். 2016இன் ‘டிரிகர்பங்க்டே’யிலிருந்து 2021இல் வந்த, பணக்காரர்களைத் தின்னும் நேரம் வந்துவிட்டதா என்று கேட்கிற தலைப்புள்ள ரெக்கார்டு வரை, இன்றைய இந்தியாவில் இவ்வளவு இறுக்கமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்ட அறையிலிருந்து வருகிற குரல். அந்த அறை சென்னையில் இருக்கிறது என்பதற்குப் பாட்டுக்குள் சாட்சி இல்லை. ஆங்கிலத்தில் பாடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் அவர்களுக்கு அந்த அழுத்தப் பிரச்னையைத் தீர்த்துக் கொடுத்துவிட்டது. தீர்வு இனாமாகக் கிடைத்ததுதான் என் புகார்.

கபேர் வாசுகி அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். ‘அழகு புரட்சி’ தொகுப்பிலும், பிறகு டென்மாவோடு சேர்ந்த ‘குரங்கன்’ குழுவிலும் அவர் பைலா வழியில் போகவில்லை. மெட்டைப் பேச்சின் பக்கம் இழுத்துவிடுகிறார். வாக்கியம் முடிகிற இடத்தில் மெட்டு முடிகிறது, கிட்டார் காத்திருக்கிறது. கரகரத்த குரல், சில சமயம் சுருதி நழுவுகிறது. கருத்துச் சொல்லும் ஆசை அவரைப் பல இடங்களில் கெடுக்கிறது. ஒரு நல்ல பாட்டு திடீரென்று சொற்பொழிவாகி, தாளம் மட்டும் துணைக்கு வந்துகொண்டிருக்கும். பவர் பாப் இது அல்ல என்று ரகம் பிரிக்கிறவர்கள் சொல்லலாம். பல்லவியில் அந்தச் சர்க்கரை கிடையாது. ஆனால் நம் தமிழ், தெருவில் பேசுகிற நீளத்திலேயே ஒரு கிட்டார் மேல் உட்கார முடியும் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் நிரூபணம் அவர். டென்மா பின்னர் நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் மேடை ஏறியபோது பறையும் கானாவும் சேர்ந்து அந்தப் பிரச்னையையே வேறு பக்கம் திருப்பிவிட்டன. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

செஞ்சி நண்பர் மறுநாள் பாட்டை வாசித்துப் பார்த்தார். “இதுல பி.ஜி.எம். எங்க சார் வருது?” என்றார். வராது என்றேன். பாட்டு சும்மா இருக்கிற இடத்திலெல்லாம் அவர் விரல் தானாக எதையோ போட்டு நிரப்பியது. இரண்டு மூன்று தடவை தானே நிறுத்திக்கொண்டார். கச்சேரியில் இதை வாசிக்க முடியாது, ஜனம் எழுந்து போய்விடும் என்றார். உண்மைதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஃபோன் வந்தது. இரண்டாவது வரியில் அந்தக் கார்டு என்ன மைனர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “சரி, வைங்க, நானே பாக்கறேன்” என்றார்.