545 யாருடைய கண்?

மதுரையின் தனியார் கண் மையங்கள் சிலவற்றில் இப்போது சீட்டில் இரண்டு கண் அழுத்தங்களை எழுதித் தருகிறார்கள். ஒன்று கருவி காட்டியது. மற்றொன்று கருவிழியின் தடிமனை வைத்துத் ‘திருத்தியது’. திருத்தியதே துல்லியமானது என்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதம் பிழை.

கருவிழியின் தடிமனை அளக்கும் பேக்கிமெட்ரி வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. மெல்லிய கருவிழி கருவிக்கு எளிதில் வளைந்துகொடுக்கும். அழுத்தம் குறைவாகத் தெரியும். லேசரால் கருவிழியை மெலித்துக் கண்ணாடியைக் கழற்றியவர்களுக்குத் தடிமன் தெரியாமல் அழுத்தம் பார்ப்பது ஆபத்து. மெல்லிய கருவிழி, பார்வை நரம்பைச் சிதைக்கும் குளுக்கோமாவுக்கான அபாயக் குறி என்று 2002இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியதும் உண்மை.

ஆனால் புழக்கத்தில் உள்ள திருத்த அட்டவணைக்கு 545 மைக்ரான்தான் பூச்சியம். அதிலிருந்து 10 மைக்ரான் குறையும்போதெல்லாம் அழுத்தத்தில் ஏறத்தாழ 0.7 மி.மீ. பாதரசம் கூட்டச் சொல்கிறது. ரோட்டர்டாமில் அளந்தபோது சராசரி 537. நாக்பூர் வட்டாரக் கிராமங்களில் 514. சென்னையிலும் அதை ஒட்டித்தான். ஆக, குறையே இல்லாத நம்மூர்க் கண்ணுக்கும் இரண்டு புள்ளி ஏறிவிடுகிறது. மேலூரில் நாற்று நடும் பெண்ணுக்குக் கருவி 20 காட்டினால் சீட்டில் 22 விழும். இயல்பின் மேல் எல்லையான 21ஐத் தாண்டியாயிற்று என்று ஆயுளுக்கும் சொட்டு மருந்து தொடங்கும்.

அந்த 21தான் எங்கிருந்து வந்தது? 1950களில் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானோரை அளந்து, தடிமனைக் கணக்கில் எடுக்காத எண்களிலிருந்து வகுத்த எல்லை அது. திருத்தாத எண்ணில் பிறந்த கோட்டுக்கு முன்னால் திருத்திய எண்ணை நிறுத்துவது என்ன அறிவியல்? அந்த 2002 அமெரிக்க ஆய்வில் 555 மைக்ரானும் அதற்குக் கீழும் அதிக அபாய வகுப்பு. அதை அப்படியே இங்கே ஒட்டினால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அதில் விழுவோம். இத்தனைக்கும், அழுத்தத்தைத் திருத்திக்கொள்வதால் யாருக்கு நோய் வரும் என்ற கணிப்பு மேம்படவில்லை என்பதை அதே ஆய்வின் தரவுகளே 2012இல் காட்டிவிட்டன. பிறகும் அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன்? அச்சிட்ட எண் நோயாளியை அசத்துகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மதுரை உள்ளிட்ட தென்மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நாற்பது வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டது. 2.6 விழுக்காட்டினருக்குக் குளுக்கோமா. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. தசமப் புள்ளி தவறியதால் விடுபட்டவர்கள் அல்லர் அவர்கள். அவர்களுடைய பார்வை நரம்பை அதுவரை யாரும் சரிவரப் பார்த்திருக்கவில்லை. ஆகவே தடிமனைத் தனியாக எழுதுங்கள், நம்மூர்ச் சராசரியோடு ஒப்பிட்டு. அழுத்தத்தைக் கருவி காட்டியபடியே விடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் கண்ணின் திரவம் வடியும் கோணம் பார்த்து, கண்மணியை விரித்து, நரம்பைப் பாருங்கள்.