லேக்காக் மாளிகை: இடித்ததும் சேர்த்ததும்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள லேக்காக் அபி, 13-ஆம் நூற்றாண்டில் சாலிஸ்பரி சீமாட்டி எலா நிறுவிய கன்னியர் மடம். 1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வில்லியம் ஷாரிங்டன் அதை விலைக்கு வாங்கி வீடாக்கினார். பிறகு வந்தவர்களும் தத்தம் காலத்துக்கேற்ப அதை மாற்றினார்கள். இப்படி மாற்றி மாற்றிக் குடியிருந்ததால் அந்தக் கட்டடம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா?

ஷாரிங்டனின் வேலையில் நன்மையும் கேடும் பின்னிக் கிடக்கின்றன. மடத்துத் தேவாலயத்தை அவர் இடித்தார். அது ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஆனால் அதன் வடக்குச் சுவரை நிறுத்திவைத்து, அதையே வீட்டின் தெற்குச் சுவராக்கிக்கொண்டார். முற்றத்தைச் சுற்றியுள்ள வளைகூரைத் தாழ்வாரங்களைக் கீழே அப்படியே விட்டு, மாடியில் வசிப்பறைகள் அமைத்தார். கைவிடப்பட்ட மடங்கள் பலவற்றின் கற்களை ஊரார் பெயர்த்துக்கொண்டு போன காலம் அது. லேக்காக் தாழ்வாரம் தப்பியதற்குக் காரணம், அதன்மேல் ஒரு குடும்பம் குடியிருந்ததுதான்.

1750-களில் அன்றைய உரிமையாளர் ஜான் ஐவரி டால்போட், சாண்டர்சன் மில்லரின் வடிவமைப்பில் வீட்டின் பெருங்கூடத்தை கோதிக் பாணியில் புதுப்பித்தார். மாடங்களில் சுடுமண் சிற்பங்கள் நிற்கும் அழகான கூடம் அது. ஆனாலும் அசல் இடைக்காலக் கட்டுமானம் அதே வீட்டில் இருக்கும்போது, இது அலங்காரமாகவே நின்றுவிடுகிறது. இதற்காக ஷாரிங்டன் காலத்துக் கூடம் பலியானதுதான் பெரிய குறை.

பின்னாளைய உரிமையாளரும் ஒளிப்படக் கலையின் முன்னோடியுமான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் செய்த மாற்றம் வேறு வகை. 1830-ஐ ஒட்டி, தெற்கு முகப்பில் வெளிநோக்கிப் புடைத்து நிற்கும் மூன்று சாளரங்களை அமைத்து, வீட்டுக்குள் வெளிச்சம் கொண்டுவந்தார். 1835 ஆகஸ்டில், நடுச் சாளரத்தைச் சிறு கேமராவால் படமெடுத்தார். இன்று எஞ்சியுள்ள கேமரா நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுவே. அஞ்சல்தலை அளவேயான அந்தத் தாளில் சுமார் இருநூறு கண்ணாடிச் சில்லுகளை லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது என்று அவரே குறித்துவைத்தார்.

1944-இல் மாளிகை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் பொறுப்புக்கு வந்தது. இப்படிப் பாதுகாக்கும்போது, ஏதேனும் ஒரு நூற்றாண்டுதான் அசல் என்று முடிவுகட்டி மற்றவற்றைச் சுரண்டி எடுத்தால், ஷாரிங்டன் தேவாலயத்துக்குச் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். பழைய கட்டடத்தில் மாற்றம் கூடாது என்பதல்ல என் வாதம். முன்னவர் வேலையை அழிக்காமல் அதோடு சேரும் மாற்றமே நல்ல மாற்றம். அந்த அளவுகோலில், பெருங்கூடத்தைவிடச் சாளரங்களே உயர்ந்தவை.