காலடியை வெட்டாத கேமரா

1933இல் 'ஃபிளையிங் டவுன் டு ரியோ' என்ற ஹாலிவுட் படம் வெளியானபோது ஃபிரெட் அஸ்டெயருக்கு வயது 34. சிறுவயது முதல் அக்கா அடேலுடன் மேடையில் ஆடியவர். அதே ஆண்டு வந்த '42ஆம் தெரு' படத்தில் பஸ்பி பெர்க்லி கேமராவை உச்சியில் ஏற்றி, ஆடுபவர்களைக் கோலப் புள்ளிகளாக்கிக் காட்டினார். அஸ்டெயர் எதிர்த்திசையில் போனார். தலை முதல் கால் வரை உடல் முழுதும் தெரிய வேண்டும், வெட்டுகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும், ஆட்டத்தின் நடுவே வேடிக்கை பார்ப்பவர் முகத்தைக் காட்டிக் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது. இந்த வழக்கத்தை 'நேர்மை' என்று பாராட்டுவதுண்டு. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. காலொலிகள் பிறகு தனியே பதிவாகிச் சேர்ந்தவை. அவருடன் ஜோடியாக ஆடிய ஜிஞ்சர் ராஜர்ஸின் காலொலியைப் பல இடங்களில் தட்டித் தந்தவர் நடன அமைப்பாளர் ஹெர்மிஸ் பான். 'ஸ்விங் டைம்' (1936) படத்தின் பிரிவு நடனத்துக்கு 47 டேக் ஆயின, ராஜர்ஸின் பாதங்களில் ரத்தம் கசிந்தது. திரையில் தெரியும் சுளுவு இதையெல்லாம் மறைத்துத்தான் பிறந்தது.

இந்த முறை காப்பாற்றித் தருவது காலத்தை. அதே பிரிவு நடனத்தில் இருவரும் முதலில் வெறுமனே நடக்கிறார்கள். நடை எந்த அடியில் ஆட்டமாகிறது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பிரிய மனமில்லாத தயக்கம் அந்த மங்கலான எல்லையில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு முகக் குளோசப் நுழைந்திருந்தால் தயக்கத்தைக் கண்ணீர் சொல்லியிருக்கும், கால்கள் சொல்லியிருக்காது.

இது மேடையைப் படம்பிடித்ததுதானே, சினிமா எங்கே என்று கேட்கலாம். ஆடுபவரோடு தானும் நகர்ந்து, தூரத்தை மாற்றாமல் வரும் இருக்கை எந்த அரங்கிலும் கிடையாது. 'ராயல் வெட்டிங்' (1951) படத்தில் அவர் சுவரிலும் கூரையிலும் ஆடுகிறார்; அறையும் அதோடு பிணைத்த கேமராவும் சேர்ந்து சுழன்றன. கலப்பற்ற சினிமா அது. ஆனால் இதையே எல்லாருக்குமான சட்டமாக்குவது தவறு. பாப் ஃபாஸி 'கேபரே'யில் (1972) ஒரு முழங்கால், ஒரு தொப்பி, ஒரு கண்வெட்டு என்று துண்டு துண்டாகக் காட்டியே ஒரு நகரத்தின் அழுகலைக் கொண்டுவந்தார். முழு உடலின் நளினம் அங்கே பொய்யாகத்தான் ஒலித்திருக்கும்.

இதைவிடக் கனமான குறை வேறொன்று. 'என்னை முழுதாகக் காட்டு' என்று ஸ்டூடியோவிடம் சொல்ல அதிகாரம் வேண்டும். அது அஸ்டெயரிடம் இருந்தது. 'ஸ்விங் டைம்' படத்திலேயே கறுப்பினக் கலைஞர் பில் ராபின்சனின் 'போஜாங்கிள்ஸ்' என்ற பட்டப்பெயரால் ஒரு நடனம் வருகிறது. அஸ்டெயர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, தன் மூன்று ராட்சத நிழல்களோடு ஆடுகிறார். தந்திரக் காட்சிகளைப் பெரும்பாலும் தவிர்த்தவர் இங்கே அதை நாடினார். ஆட்டம் அபாரம் என்பதை மறுக்கவில்லை. மரியாதை செலுத்தத்தான் செய்தார், காலத்தின் வழக்கம் அது என்ற வாதமும் தெரிந்ததே. நோக்கத்தை ஏற்கலாம், சட்டகத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்ற கணக்கை நோக்கம் மாற்றுவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு 'தி லிட்டில் கர்னல்' படத்தில் ராபின்சனே திரையில் ஆடினார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுடன், ஒரு மாடிப்படியில், வீட்டு வேலைக்காரராக.