எச்சரிக்கை வாசகமும் நாயக உடலும்

தமிழ் வெகுஜன சினிமாவில் உடல்நலம் என்பது பெரும்பாலும் மருத்துவம் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்ததில்லை. நாயகனின் குணம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே இருந்திருக்கிறது. குடியும் புகையும் அண்டாதவர் என்பது எம்.ஜி.ஆர். பிம்பத்தின் ஆதாரச் சரடுகளில் ஒன்று. 'ஒளிவிளக்கு' (1968) படத்தில் அவர் குடித்துவிட்டு வந்தபோது, அவருடைய மனசாட்சியே உருவெடுத்து வந்து கண்டிக்க வேண்டியிருந்தது. மதுக்கோப்பையும் சிகரெட்டும் வில்லன் கைப் பொருள்கள். இந்தத் தூய உடல் ஏழை மக்களிடம் எவ்வாறு அரசியல் மூலதனமாக மாறியது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தன் ஆங்கில நூலில் விரிவாகவே பேசியிருக்கிறார். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: அந்த உடல் கோட்டையில் அமர்ந்திருந்த 1983இல்தான் டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறைக் கடைகளும் அரசின் கைக்கே வந்தன. திரையில் ஒழுக்கம், கஜானாவில் வருமானம். இரண்டுக்கும் இடையே எந்த முரணும் உணரப்படாதபடி பார்த்துக்கொண்டதுதான் கருத்தியலின் வேலை.

1976இல் பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' வந்தது. வில்லத்தனமான பாத்திரத்தில் ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்தார். சில ஆண்டுகளில் அந்த வித்தை நாயகனுக்கு உரியதாகிவிட்டது. வில்லன் கைப் பொருள் நாயகன் கைக்கு மாறியதைச் சீரழிவு என்று புலம்புவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 2002இல் 'பாபா'வுக்கு பா.ம.க. காட்டிய எதிர்ப்பு, 2018இல் 'சர்கார்' முதல் சுவரொட்டியில் விஜய் புகைப்பதற்கு எழுந்த கண்டனம், சுகாதாரத் துறை நோட்டீஸுக்குப் பின் அந்தப் படம் நீக்கப்பட்டது எல்லாம் நமக்குத் தெரிந்தவை. எதிர்த்தரப்பு 'படைப்புச் சுதந்திரம்' என்றது. சண்டை போட்ட இரு தரப்பும் ஒரு விஷயத்தில் மட்டும் கேள்வி கேட்கவேயில்லை: இளைஞன் என்பவன் மெழுகு. எதை அழுத்தினாலும் பதிந்துவிடும்.

அப்படியா? லேத் பட்டறையிலோ பனியன் கம்பெனியிலோ பகல் முழுக்க 'சரிங்க முதலாளி' சொல்லிக்கொண்டிருக்கிற பையன் திரையிலிருந்து எடுத்துக்கொள்வது நிகோடினை அல்ல. அதிகாரியின் முன்னால், பண்ணையாரின் முன்னால், கால்மேல் கால் போட்டு நாயகன் பற்றவைக்கிறானே, அந்தத் திமிரை. அது அவனுக்கு வாழ்க்கையில் மறுக்கப்பட்ட திமிர். நூறு ரூபாய் டிக்கெட்டில் இரண்டரை மணி நேரத்துக்கு அது வாடகைக்குக் கிடைக்கிறது. வெளியே வந்ததும் பெட்டிக்கடையில் அந்தத் திமிரின் மிச்சத்தை ஒரு சிகரெட் விலைக்கு வாங்கிக்கொள்கிறான். ஆசை நியாயமானது, அதற்குக் கொடுக்கப்படும் பண்டம்தான் மோசடி.

இந்த இடத்தில்தான் எச்சரிக்கை வாசகம் வருகிறது. திரையில் புகைப்பதைத் தடைசெய்ய மத்திய சுகாதார அமைச்சகம் 2005இல் முயன்றது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு சமரசமாக வந்த விதிகளின்படி 2012 அக்டோபர் முதல், புகையிலை காட்டும் படங்களின் தொடக்கத்திலும் இடைவேளையை ஒட்டியும் குறும்படங்கள், காட்சி ஓடும்போது திரையின் அடியில் வாசகம். 2023 செப்டம்பர் முதல் இது ஓடிடி தளங்களுக்கும் நீண்டது. 2013இல் வூடி ஆலன் தன் 'ப்ளூ ஜாஸ்மின்' படத்தில் வாசகம் போட மறுத்ததால் படமே இந்தியாவில் வெளியாகவில்லை. நம்மவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு வரி போட்டால் போதும், காட்சி பத்திரம். வாசகம் ஒரு உரிமச் சீட்டு.

அதைவிட முக்கியமானது, அந்த வரி யாருடைய குரலில் பேசுகிறது என்பது. அரசின் குரலில். நாயகன் யாரை மதிக்காமல் பற்றவைக்கிறானோ அதே அதிகாரத்தின் குரலில். ஆகவே எச்சரிக்கை காட்சியை மறுப்பதில்லை; அதற்கு ஒரு சுவை கூட்டுகிறது. பெரிய எழுத்தில் 'கொல்லும்' என்று வரும்போது விசில் பறக்கிறது. இது அறியாமை இல்லை. தடையையே அலங்காரமாக மாற்றிக்கொள்ளும் வாசிப்பு.

குறும்படங்களையும் கவனிக்க வேண்டும். அவற்றில் புற்று அரித்த வாயும் கழுத்தும் அநேகமாக ஏழையின் உடலில். ஸ்டைல் நட்சத்திரத்தின் உடலில். ஒரே இருட்டறையில், சில நிமிட இடைவெளியில், வர்க்கவாரியாக உடல்கள் பிரிக்கப்படுகின்றன. இன்னொரு உடலுக்கு இந்தச் சொல்லாடலில் இடமே இல்லை. நெல்லை, தென்காசி வட்டாரத்துக் கிராமங்களில் இலையும் தூளும் மடியில் வைத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வீட்டிலிருந்தே சுற்றுகிற பெண்கள். அவர்கள் புகைப்பதில்லை, ஆனால் புகையிலைத் தூசு அவர்கள் விரல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நாள் முழுக்க இறங்குகிறது. பீடித் தொழிலாளர் சட்டம் 1966லேயே வந்துவிட்டது. அவர்களுக்கான எச்சரிக்கை எந்தத் திரையின் அடியில் ஓடுகிறது? புகைப்பவனின் 'தனிப்பட்ட தவறு' என்பதாக நோயைச் சுருக்கிவிட்டால், தயாரித்தவனும் விற்றவனும் வரி வாங்கியவனும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள்.

"அப்போ வாசகமே வேண்டாங்கறீங்களா?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். இருந்துவிட்டுப் போகட்டும். என் சண்டை அந்த வரியோடு அல்ல, அதோடு கடமை முடிந்தது என்கிற நிம்மதியோடு. அதே அரசு மதுக்கடையையும் நடத்திக்கொண்டு, பார் காட்சிக்கடியில் அறிவுரையும் ஓடுவதைப் பார்த்து நமக்கு ஏன் கோபத்துக்குப் பதில் சிரிப்பு வருகிறது? திரை விமர்சனம் எழுதுகிற நாமும் நாயகனின் கைவிரலைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம். பீடி சுற்றும் விரல்களைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதினோமா? இளைஞர்களிடம் பேசப் போகிறவர்கள் 'புகைக்காதே' என்று தொடங்க வேண்டாம். அந்தத் திமிர் உனக்கு எங்கே மறுக்கப்பட்டது, அதை யாரிடம் காட்ட வேண்டும் என்று தொடங்கலாம். அந்தப் பேச்சு தியேட்டர் வாசலில் மட்டுமல்ல, பட்டறை வாசலிலும் நடக்க வேண்டியது.