பாலர் கல்வியும் மலைநாட்டுத் தாலாட்டும்

விசயதசமி நாளிலே தட்டிற் பரப்பிய அரிசியின்மேற் குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கும் ஏடு தொடக்கல் ஈழத்துத் தமிழரிடை இன்றும் நின்று நிலவும் வழக்கமாகும். கல்வி அன்று தொடங்குகிறது என்பர். ஆயின் அவ்விரல் எழுத்தைத் தொடுமுன்னரே அக்குழந்தையின் செவி பெரும்பாடம் ஒன்றைப் படித்து முடித்திருக்கும். அப்பாடத்துக்கு நூல் யாது என்னும் வினாவைத் திறனாய்வாளர் பெரிதும் எழுப்பினாரல்லர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 ஆம் ஆண்டில் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவ்வினாவோடு அணுகத்தக்க நூல்.

வேலுப்பிள்ளை (1914–1984) வட்டகொடையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியினின்று பாராளுமன்றம் சென்றவர். மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றோரானதைக் கண்ணாற் கண்டவர். ஆதலின் அவர் தொகுப்பைப் பயின்றோர் அதனைத் துயரத்தின் சான்றாகவே பெரிதும் கொண்டனர். அது பிழையன்று, ஆனால் குறையுடைத்து. துயரம் பாடிய அதே வாய்தான் குழந்தையையும் உறங்கவைத்தது.

தமிழ்நாட்டினின்று மலையேறிவந்த தாலாட்டின் அமைப்பை நோக்குக. அழுகின்ற குழந்தையை அடித்தவர் யாவர் என்று பாட்டு வினவும். மாமன், அத்தை, பாட்டி என உறவினரை ஒவ்வொருவராக அழைக்கும். அவரவர் அடித்ததாக ஒவ்வொரு மலரையோ மென்பொருளையோ கூறும். வினா ஒரே வடிவில் மீண்டும் மீண்டும் வரும். விடை மட்டும் மாறும். அடுத்து வருவது எதுவென்று எதிர்நோக்கவும், முறைப்பெயர்களை வேறுபடுத்தவும், மோனையைக் காதால் உணரவும் குழந்தை இங்கே பயில்கின்றது. பாலர் வகுப்பின் முதற் சில திங்களில் ஆசிரியை முயன்று கற்பிப்பனவும் இவையே அல்லவா? தன் முறை வரும்வரை பொறுத்தல், கேட்டதற்கு விடை கூறல், பிறரோடு ஒருகுரலாகப் பாடுதல், பொருள்களைப் பெயரிட்டழைத்தல் என்பன எழுத்துக்கு முற்பட்டவை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவரும் எழுத்தறிவிலிருந்து தொடங்கவில்லை. காப்புக்குப் பின் செங்கீரை, தால், சப்பாணி என்றே பருவம் வகுத்தனர்.

மேனாட்டிலும் இவ்வுண்மை உணரப்பட்டது. ஜெர்மனியில் 1837 ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க்கிற் சிறுவர் நிலையம் தொடங்கி, 1840 இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்ட பிரெடரிக் புரோபல், 1844 இல் தாய்மார் பாடல்களையும் விரல் விளையாட்டுக்களையும் கொண்ட நூலொன்றை வெளியிட்டார்.

இனி அரிச்சுவடியை நோக்குவோர் அதன்மேற் சாட்டும் குற்றம் ஒன்றுண்டு: குழந்தை காணாத பொருள்களை அது காட்டுகிறது என்பது. ஒகரத்துக்கு ஒட்டகம் வருகிறது. வட்டகொடைப் புகையிரத நிலையத்தில் ஒட்டகம் இறங்கியதாக வரலாறில்லை. எனினும் அப்படத்தை விரும்பாத குழந்தை ஏது? ஆத்திசூடியின் பொருளும் அவ்வயதுக்கு எட்டாததே. ஆயின் அதன் குறுகிய அடிகளும் அகர வரிசையும் செவிக்கு இனிய விளையாட்டாகும். பொருள் விரித்துப் பரீட்சிக்கும்போதுதான் அது சுமையாகின்றது. அறியாததைத் தருவது ஆசிரியர் குற்றமன்று. அறிந்ததைப் பறிப்பதே குற்றம்.

லயத்துக் குழந்தை 'காம்பரா' என்கிறது. போர்த்துக்கேயர் வழிவந்த அச்சொல் அதற்கு வீடு முழுவதையும் குறிக்கும், ஏனெனில் பல குடும்பங்களுக்கு அவ்வோர் அறையே வீடாயிருந்தது. தாய் 'பெரட்டு'க்குப் போனாள், 'கொழுந்து' எடுக்கிறாள் என்கிறது. 'அப்படிச் சொல்லக்கூடாது, அறை என்று சொல்' என முதல் வாரத்திலேயே திருத்தப்படுமாயின் அக்குழந்தை அறை என்னும் சொல்லையும் கற்பதில்லை, பேசாதிருக்கக் கற்கின்றது. அந்த மௌனத்தை நற்பழக்கம் என்று மதிப்பிடும் வகுப்பறைகளும் உள. தாலாட்டிலே கேட்டு விடைபெற்றுப் பழகிய செவிக்கு இஃது எத்துணைப் பெரிய இழப்பு! செம்மொழி பின்னர் வரட்டும், வந்தே தீரும். முதற் சில திங்கள் வீட்டுச் சொல்லுக்கு உரியன.

வேலுப்பிள்ளையின் தொகுப்பைப் பாலர் ஆசிரியைக்குரிய நூலாகக் கொள்வதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. நாட்டுப்பாடல் தொகுப்புக்கள் பொதுவாகச் சொல்லையே அச்சிடுவன. புரோபலின் நூலோ சொல்லோடு இசையையும், விரலை எவ்வாறு மடக்குவது என்னும் படத்தையும் ஒருங்கே தந்தது. தொட்டிற்சேலை ஆடும் வேகம் பாட்டின் நடையை ஆள்வது. சப்பாணி கொட்டும் கை அடியின் நீளத்தை அளப்பது. இவை ஏட்டில் ஏறவில்லை. ஏறாதவை முற்றாக மறைந்துவிட்டனவும் அல்ல. தாய்மார் மலைக்குச் சென்றபின் குழந்தைகளைக் காத்த பிள்ளைக் காம்பராக்கள் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப்படுகின்றன. அங்கே முதிய ஆயாம்மா ஒருத்தி, பாடத்திட்டத்தில் இல்லாத பாட்டொன்றைக் கைகொட்டிப் பாடினால், வேலுப்பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொகுக்க வேண்டியவர் அவளருகே அமர்தல் வேண்டும். பாட்டை மட்டுமன்றி, அக்கைகளையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.